சோப்பு விற்ற கதை

கதைகளுக்குப் பெயர் வைப்பதில் உலகம் பொதுவாகத் தாராளமாகவே நடந்துகொண்டிருக்கிறது. வீரர்களைப் பற்றிச் சொன்னால் வீரகாவியம். தெய்வங்களைப் பற்றிச் சொன்னால் புராணம். அரண்மனைச் சூழ்ச்சிகளைச் சொன்னால் சரித்திரக் கதை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், பணம் கொடுத்தவன் கடையில் என்ன விற்றான் என்று பார்த்துப் பெயர் வைக்கப்பட்ட கதையினம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அமெரிக்காவின் 'சோப் ஆபரா'தான் அது.

ஆபரா என்பது ஐரோப்பாவில் ராஜாக்களும் பிரபுக்களும் பட்டு ஆசனங்களில் சாய்ந்துகொண்டு அனுபவித்த சங்கீத நாடகம். மாட்டுக்காரர்கள் குதிரை ஏறித் துப்பாக்கி சுடும் சினிமாக்களை ஏற்கெனவே 'குதிரை ஆபரா' என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள் அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள். 1930-களின் பிற்பகுதியில், பகல் வேளையில் ரேடியோவில் வந்த குடும்பத் தொடர்களுக்கு அதே பாணியில் 'சோப்பு ஆபரா' என்று பெயர் சூட்டினார்கள். துணி துவைக்கிறவளுக்கு ஆபரா என்ன வேண்டிக் கிடக்கிறது என்பதுதான் அதில் உள்ள நகைச்சுவை.

அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. காரணம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. நானும் தொடர்கதை எழுதிப் பிழைப்பவன். நாயகியைக் கிணற்றடியில் நிறுத்தி வைத்துவிட்டுக் கீழே 'தொடரும்' என்று போட்டவன். என் அத்தியாயத்துக்கு எதிர்ப் பக்கத்தில் தலைவலித் தைலத்தின் விளம்பரம் வந்திருக்கிறது; எனக்கு வந்த சன்மானத்தில் அந்தத் தைலத்தின் வாசனை இல்லை என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆகவே, சோப் ஆபராவின் சரித்திரத்தைப் படிக்கும்போது எனக்கு ஒரே ஒரு கேள்விதான் எழுந்தது. சரக்கு விற்கிறவன் விலைக்கு வாங்கிய நேரத்தில், கதை எழுதுகிறவர் எவ்வளவு உண்மையைச் சொல்லிவிட முடியும்?

1930-ஆம் வருஷத்தில் சிகாகோ நகரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். பொருளாதார மந்தம் நாட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த சமயம். 'சிகாகோ ட்ரிப்யூன்' பத்திரிகைக்குச் சொந்தமான டபிள்யூ.ஜி.என். என்ற ரேடியோ நிலையத்தில் இர்னா ஃபிலிப்ஸ் என்ற பெண்மணி வேலைக்கு வந்தார். 1901-ல் பிறந்தவர், பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நடிகையாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. நிலையத்தார் அவரை ஒரு தொடரை எழுதவும் சொன்னார்கள். 'பெயின்டட் ட்ரீம்ஸ்' என்று அதற்குப் பெயர். ஒரு விதவைத் தாயும், அவளுடைய பெண்ணும், வீட்டில் நடக்கிற பேச்சும்தான் கதை. எழுதியவரே தாய் வேஷத்தையும் ஏற்றுக் குரல் கொடுத்தார். அமெரிக்காவில் பெண்களுக்காக ஒலிபரப்பான முதல் தினத் தொடர் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டு வருஷத்தில், இந்தக் கதையை நாடு முழுவதும் கேட்கும்படி பெரிய ஒலிபரப்பு நிறுவனம் ஒன்றுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இர்னா அம்மையார் விரும்பினார். நிலையத்தார் சம்மதிக்கவில்லை. "நீ எங்கள் சம்பளக்காரி, நீ எழுதியதும் எங்கள் சொத்து" என்பது அவர்கள் கட்சி. அம்மையார் வேலையை உதறிவிட்டு வழக்குப் போட்டார். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது, கடைசியில் தோற்றார். ஆனால் அதற்குள் அவர் பாடம் கற்றுக்கொண்டுவிட்டார். 'டுடேஸ் சில்ரன்' என்று வேறு பெயரில் ஏறக்குறைய அதே குடும்பத்தை மறுபடியும் படைத்தார். இந்தத் தடவை கதையின் உரிமையைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். தாம் பெற்ற பிள்ளையைத் தம் பிள்ளை என்று சொல்லிக்கொள்வதற்கு ஓர் எழுத்தாளர் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்தது என்பது இந்தச் சரித்திரத்தின் முதல் அத்தியாயத்திலேயே வருகிறது.

சோப்புக் கம்பெனிகள் ஏன் இதில் நுழைந்தன? கணக்கு மிகவும் எளிது. பகலில் வீட்டில் இருப்பவள் மனைவி. சோப்பு எது, சலவைத் தூள் எது என்று தீர்மானிக்கிறவளும் அவள்தான். மாலை நேரத்தைவிடப் பகல் நேரத்துக்கு ரேடியோ நிலையங்கள் வாங்கிய கட்டணமும் குறைவு. தினமும் ஒரே நேரத்தில் அவள் காதில் ஒரே பெயர் விழ வேண்டும். அதற்கு அவளைத் தினமும் வரவழைக்க வேண்டும். தினமும் வரவழைக்கக் கதையைவிடச் சிறந்த கயிறு உண்டா? சின்சினாட்டி நகரத்து ப்ராக்டர் அண்ட் காம்பிள் கம்பெனி இதைக் கண்டுகொண்டது. 1933-ல் 'ஆக்ஸிடால்' என்ற தன் சலவைத் தூளுக்காக 'மா பெர்கின்ஸ்' என்ற தொடரைத் தொடங்கியது.

மா பெர்கின்ஸ் ஒரு சிற்றூரில் மரவாடி நடத்தும் விதவைக் கிழவி. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள். அந்தக் கிழவியாகப் பேசிய வர்ஜீனியா பெய்னுக்கு ஆரம்பத்தில் வயது 23! 27 வருஷம், 7,065 பகுதிகள், கடைசி வரையில் அவரே பேசினார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது கிழவியின் மகன் ஜான் போர்க்களத்தில் இறந்துபோவதாகக் கதை போயிற்று. பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தந்திக்காரனைக் கண்டாலே நடுங்கிக்கொண்டிருந்த தாய்மார்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. சலவைத் தூள் விளம்பரத்துக்கும் அடுத்த விளம்பரத்துக்கும் நடுவில் அந்தச் சாவு நிகழ்ந்தது. இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அந்தத் தாய்மார்களின் பயத்தை அன்றாடம் பகிர்ந்துகொள்ள வேறு எந்த இலக்கியம் அந்த வேளையில் அவர்கள் சமையலறைக்கு வந்தது?

1940-ஐ ஒட்டிப் பகல் நேரத் தொடர்கள் அறுபதுக்கும் மேல் பெருகிவிட்டன. இவற்றில் பலவற்றை உற்பத்தி செய்தவர்கள் ஃப்ராங்க் ஹம்மர்ட், ஆன் ஹம்மர்ட் என்ற விளம்பரத் துறைத் தம்பதிகள். உற்பத்தி என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். கதையின் போக்கை இவர்கள் சொல்லிவிடுவார்கள். கூலிக்கு அமர்த்தப்பட்ட எழுத்தாளர்கள் உரையாடலை நிரப்பித் தருவார்கள். எழுதியவர் பெயர் வெளியே வராது. இன்று ஒருவர் நின்றுவிட்டால் நாளை இன்னொருவர். நூற்பாலையில் தறி நிற்காமல் ஓடுவது போல் கதை ஓடிற்று.

இர்னா அம்மையாரும் தம் முறையில் ஓர் ஆலைதான். அறையில் உலாவிக்கொண்டே எல்லாப் பாத்திரங்களின் குரலிலும் மாறி மாறிப் பேசுவார், காரியதரிசி எழுதிக்கொள்வார். ஐந்து தொடர்கள் ஒரே சமயத்தில் ஓடிய காலத்தில் வருஷத்துக்கு இருபது லட்சம் சொற்கள் என்று பத்திரிகைகள் கணக்குப் போட்டன. ஆனால் வேகமாக எழுதினாலும் கதையை அவர் வேகமாக ஓட்டவில்லை. குடும்பத்துக்குள் ஒருவரோடொருவர் உட்கார்ந்து பேசுவதையே கதையாக்கினார். பாதிரியார், டாக்டர், வக்கீல் போன்றவர்களைக் கதாநாயகர்களாகக் கொண்டுவந்தார். 1937 ஜனவரி 25-ல் அவர் ஆரம்பித்த 'கைடிங் லைட்', ஜன்னலில் விளக்கு ஏற்றி வைத்துக் கஷ்டப்படுகிறவர்களை வரவேற்கும் ஒரு பாதிரியாரின் கதை. குடும்பத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய இந்த அம்மையார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு குழந்தைகளைத் தத்து எடுத்து வளர்த்தார்.

படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? 1942-ல் நியூயார்க் நகரத்து மனநோய் மருத்துவர் லூயிஸ் பெர்க், இந்தத் தொடர்களைக் கேட்டால் ரத்த அழுத்தம் ஏறும், நாடி துடிக்கும் என்று போர்க்கொடி தூக்கினார். யாருடைய ரத்த அழுத்தத்தை அளந்தார் என்று விசாரித்தால், தம்முடையதையே அளந்துகொண்டாராம்! அதே காலத்தில் ஹெர்டா ஹெர்ஸாக் என்ற ஆராய்ச்சியாளர் வேறு காரியம் செய்தார். கேட்கிற பெண்களிடமே போய்ப் பேசினார். அழுது தீர்க்கக் கேட்பவர்கள் இருந்தார்கள். ஆசைக்காகக் கேட்பவர்கள் இருந்தார்கள். புருஷனிடம் எப்படிப் பேசுவது, பிள்ளையை எப்படிக் கண்டிப்பது என்று கற்றுக்கொள்வதற்காகக் கேட்பவர்களும் பலர் இருந்தார்கள். கதை கேட்கிறவர்களை மூடர்கள் என்று நினைப்பவர்களுக்கு அவர்களிடம் போய் ஒரு கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை. ஹெர்ஸாகுக்குத் தோன்றியது.

பிறகு டெலிவிஷன் வந்தது. துணியை இஸ்திரி போட்டுக்கொண்டே காதால் கேட்கலாம். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் வேலை கெடுமே என்று கம்பெனிகள் தயங்கின. 1952 ஜூன் 30-ல் 'கைடிங் லைட்' டெலிவிஷனுக்கு வந்தபோது ரேடியோவையும் விடவில்லை. 1956 வரையில் நடிகர்கள் ஒரே கதையைக் காமிராவுக்கு முன் ஒரு தடவையும் மைக்குக்கு முன் ஒரு தடவையும் நடித்தார்கள். கால் மணி நேரம் போதாது, அரை மணி வேண்டும் என்று வாதாடி வென்றவர் இர்னா அம்மையார். 1956 ஏப்ரல் 2-ல் அவருடைய 'ஆஸ் தி வோர்ல்ட் டர்ன்ஸ்' அரை மணி நேரத் தொடராகவே பிறந்தது. காமிராவை முகங்களுக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒரு தாயார் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பதை நாடு பார்த்துக்கொண்டிருந்தது. ரேடியோவின் கடைசித் தொடர்கள் 1960 நவம்பர் 25-ல் விடைபெற்றபோது மா பெர்கின்ஸும் போய்ச் சேர்ந்தாள்.

இந்தத் தொடர்கள் அமெரிக்க வாழ்க்கையில் எவ்வளவு ஊறிப் போயிருந்தன என்பதற்கு ஒரு நாளின் கதையைச் சொல்லலாம். 1963 நவம்பர் 22. நியூயார்க்கில் பிற்பகல் 1 மணி 40 நிமிஷம். 'ஆஸ் தி வோர்ல்ட் டர்ன்ஸ்' நேரடியாக நடிக்கப்பட்டு ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கிறது. நான்ஸி வேஷத்தில் ஹெலன் வாக்னரும் மாமனார் வேஷத்தில் இன்னொரு நடிகரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று படம் மறைகிறது. செய்தி அறிவிப்பு என்ற பலகை. வால்டர் க்ரான்கைட்டின் குரல். ஜனாதிபதி கென்னடி டல்லாஸில் சுடப்பட்டார். நடிகர்களுக்கு இது தெரியாது. யாரும் பார்க்காத நாடகத்தை அவர்கள் நடித்துக்கொண்டே போனார்கள். லட்சக்கணக்கான அமெரிக்கப் பெண்களுக்கு அந்தச் செய்தி, நான்ஸியின் வீட்டுப் பேச்சின் நடுவிலேதான் வந்து விழுந்தது.

இனி, நான் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

அக்னெஸ் நிக்ஸன் என்ற பெண் கல்லூரிப் படிப்பை முடித்ததும் எழுத்தாளராக ஆசைப்பட்டார். தகப்பனாருக்குச் சவ அடக்க உடுப்புகள் தைக்கும் தொழில். பெண் அதைக் கவனிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பெண்ணின் பைத்தியம் தெளியட்டும் என்று இர்னா ஃபிலிப்ஸைப் பார்க்க ஏற்பாடு செய்தார். இர்னா அம்மையார் அந்தப் பெண் எழுதியதை அவள் முன்னாலேயே உரக்க வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "என்னிடம் வேலைக்கு வருகிறாயா?" என்று கேட்டார். தகப்பனாரின் தந்திரம் பலித்த அழகு இது.

1962-ல் 'கைடிங் லைட்' எழுதும் பொறுப்பு நிக்ஸனிடம் இருந்தது. அவருடைய சிநேகிதி ஒருத்தி கர்ப்பப்பைப் புற்றுநோயால் இறந்திருந்தாள். முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய சோதனை இருந்தும், பெண்கள் வெட்கத்தாலும் பயத்தாலும் போகாமல் இருந்தார்கள். கதையில் எல்லோரும் நேசித்த பெர்ட் பாவர் என்ற குடும்பத் தலைவிக்கு இந்த நோய் வருவதாகவும், சோதனையில் காலத்தோடு தெரிந்து பிழைப்பதாகவும் எழுத வேண்டும் என்றார் நிக்ஸன். கம்பெனியும் ஒளிபரப்பு நிறுவனமும் யோசித்தன. கடைசியில் சம்மதித்தன, ஒரு நிபந்தனையின்பேரில். 'புற்றுநோய்' என்ற சொல் வரக் கூடாது. 'கர்ப்பப்பை' என்ற சொல் வரக் கூடாது. அதை எடுத்துவிடும் ஆபரேஷனின் பெயரும் வரக் கூடாது.

நோயின் பெயரைச் சொல்லாமல், அது வந்த இடத்தைச் சொல்லாமல், சிகிச்சையைச் சொல்லாமல் நோயைப் பற்றி எழுது! தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். நிக்ஸன் எழுதினார். டாக்டர் வேறு சொற்களில் சுற்றி வளைத்துச் சொன்னார்; பெர்ட் புரிந்துகொண்டாள்; வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் புரிந்துகொண்டார்கள். டாக்டரிடம் கேட்கக் கூசிய விஷயத்தை, கணவனிடம் சொல்ல அஞ்சிய விஷயத்தை, சோப்புக்காரன் கொடுத்த கால் மணிக்குள் ஒரு பெண் எழுதி ஒரு பெண் நடித்து இன்னொரு பெண்ணுக்குச் சொல்லிவிட்டாள். இர்னா அம்மையார் வழக்குப் போட்டுத் தேடிய உரிமையைவிட இது வேறு வகையான உரிமை. கதவு முழுக்கத் திறக்கவில்லை. இடுக்கு வழியாகச் செய்தி போய்விட்டது.

1968-ல் நிக்ஸன் 'ஒன் லைஃப் டு லிவ்' தொடரை ஆரம்பித்தபோது இடுக்கைச் சற்று அகலமாக்கினார். அதுவரை இந்தத் தொடர்களில் வெள்ளைக்கார நடுத்தரக் குடும்பங்களுக்குத்தான் முக்கிய இடம். இவர் போலந்துக்காரர், யூதர், கறுப்பினத்தார் எல்லோரையும் கொண்டுவந்தார். கார்லா என்ற பெண்ணை வெள்ளைக்காரி என்றே பார்வையாளர்களை நம்பவைத்தார். அவள் ஒரு கறுப்பின டாக்டரை நேசிக்க ஆரம்பித்தவுடன் கண்டனங்கள் வந்தன. டெக்ஸாஸ் மாகாணத்தில் ஒரு நிலையம் தொடரையே நிறுத்திற்று. பல மாதங்கள் கழித்துத்தான், அவளும் கறுப்பினத்தவளே, வெள்ளைக்காரி என்று வேஷம் போட்டு வாழ்ந்தாள் என்ற ரகசியம் உடைந்தது. ஆத்திரப்பட்டவர்கள் தங்கள் ஆத்திரத்தைத் தாங்களே திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. கார்லாவாக நடித்த எல்லன் ஹாலி, 1996-ல் வெளியிட்ட சுயசரிதையில், தமக்குக் கிடைத்த குறைந்த சம்பளத்தையும் பட்ட அவமதிப்பையும் கசப்போடு எழுதினார். கதையில் நியாயம் பேசிய இடத்திலேயே சம்பளப் பட்டியலில் அநியாயம் நடந்திருக்கிறது என்றார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் சரித்திரம்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1979-ல் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடரில் லூக் என்பவன் லாரா என்ற பெண்ணைப் பலாத்காரம் செய்கிறான். பார்வையாளர்களுக்கு அந்த ஜோடியைப் பிடித்துப் போயிற்று. குற்றத்தைக் காதலாக மாற்றிப் பேசி, 1981 நவம்பரில் இருவருக்கும் கல்யாணமே செய்துவைத்தார்கள். சுமார் மூன்று கோடிப் பேர் பார்த்தார்கள். பகல் நேரத் தொடரில் அதற்கு மேல் யாரும் கண்டதில்லை. கூட்டம் சேர்ந்தது என்பது உண்மை. கூட்டத்துக்காக ஒரு பெண்ணின் துன்பத்தைத் துடைத்து மெழுகிவிட்டார்கள் என்பதும் உண்மை. பெர்ட் பாவரின் நோயைச் சொல்ல அனுமதித்ததும், லாராவின் காயத்தை மறக்கச் சொன்னதும் ஒரே தராசுதான். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதே அதன் எடைக்கல்.

அந்தத் தராசு இர்னா அம்மையாரையும் விட்டுவைக்கவில்லை. 1973-ல், தாம் படைத்த 'ஆஸ் தி வோர்ல்ட் டர்ன்ஸ்' தொடரிலிருந்து, பார்வையாளர் குறைந்த காரணத்தால் அவர் நீக்கப்பட்டார். அதே வருஷம் டிசம்பரில் இறந்தார். கதை அவர் இல்லாமல் இன்னும் 37 வருஷம் ஓடிற்று. தொடர்கதையின் கொடுமை இது. எழுதுகிறவர் முடிவார்; கதை முடியாது.

ஆனால் முடியாத கதைகளும் முடிந்தன. பெண்கள் வீட்டைவிட்டு வேலைக்குப் போனார்கள்; பகலில் பெட்டிக்கு முன் ஆள் குறைந்தது. சானல்கள் பெருகின. 1995-ல் ஓ. ஜே. சிம்ப்சன் மீது நடந்த கொலை வழக்கை மாதக்கணக்கில் பகல் முழுவதும் காட்டினார்கள். நிஜ வழக்குக்குப் பழகிய கண்களில் பல, கதைக்குத் திரும்பவில்லை. ரேடியோவையும் சேர்த்து 72 வருஷம் வாழ்ந்த 'கைடிங் லைட்' 2009 செப்டம்பர் 18-ல் அணைந்தது. 'ஆஸ் தி வோர்ல்ட் டர்ன்ஸ்' 2010 செப்டம்பர் 17-ல் முடிந்தது. 1956-ல் அதன் முதல் வசனத்தைப் பேசிய ஹெலன் வாக்னர், அதே நான்ஸி வேஷத்தில் 54 வருஷம் இருந்து, தொடர் முடிவதற்கு நாலு மாதம் முன்னால் 91-ஆம் வயதில் காலமானார். அத்துடன் ப்ராக்டர் அண்ட் காம்பிள் கம்பெனியின் பகல் நேரத் தொடர் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதோடு கடையைக் கட்டிவிட்டார்கள் என்று எண்ணியிருந்தபோது, 2025 பிப்ரவரியில் 'பியாண்ட் தி கேட்ஸ்' என்று ஒரு புதுத் தொடர் ஆரம்பமாயிற்று. வாஷிங்டனுக்கு அருகில் வாழும் செல்வாக்குள்ள கறுப்பினக் குடும்பத்தின் கதை. படைத்தவர் மிஷெல் வால் ஜீன் என்ற கறுப்பினப் பெண்மணி. தயாரிப்பில் பங்குகொண்டவர்களில் பழைய ப்ராக்டர் அண்ட் காம்பிளும் ஒருவர்! சோப்புக்காரர் திரும்பி வந்துவிட்டார். கார்லா தன் நிறத்தை மறைத்துக்கொண்டு நுழைய வேண்டியிருந்த வீட்டில், அவளைப் போன்றவர்கள் இப்போது வீட்டுக்காரர்களாக இருக்கிறார்கள். இடையில் 57 வருஷம் ஆகியிருக்கிறது.

விற்பனைக்காகப் பிறந்த கதை என்பதால் அது பொய்யான கதை என்று சொல்லிவிட முடியாது. பெண்கள் விரும்பிப் பார்த்தது என்பதால் அது உயர்ந்த கதை என்றும் சொல்லிவிட முடியாது. எனக்குத் தெரிவதெல்லாம் இவ்வளவுதான். மூன்று சொற்களைச் சொல்லக் கூடாது என்று வியாபாரிகள் கட்டளையிட்ட இடத்தில், அந்த மூன்று சொற்களும் இல்லாமலே ஒரு பெண் அந்தச் செய்தியைச் சொல்லி முடித்தாள். அந்த வருஷம் விற்ற சோப்பெல்லாம் எப்போதோ கரைந்து சாக்கடையில் போயிருக்கும். பெர்ட் பாவரைப் பார்த்துவிட்டு மறுநாள் டாக்டர் வீட்டு வாசலில் போய் நின்ற பெண் யாராவது இருந்திருந்தால், அவள் பேரப் பிள்ளைகள் இன்று எங்கோ சௌக்கியமாக இருப்பார்கள்.